ரெண்டு சாரின் பக்கத்து சீட்டு

சார் தன் காரை என் கடை வாசலில் நிறுத்தி, முன் சக்கரத்தின் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, சட்டைப்பையிலிருந்து காற்று பார்க்கும் மீட்டரை எடுத்து வால்வில் அழுத்துகிறார். முள் நின்ற இடத்தைப் பார்க்கிறார். நம்பவில்லை. இன்னொரு பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து அதே வால்வில் அழுத்துகிறார். இரண்டுக்கும் அரைப் புள்ளி வித்தியாசம். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

“முதலாளி, உங்க மீட்டரைக் கொஞ்சம் குடுங்க. இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல.”

மூன்றாவது மீட்டர் பஞ்சாயத்து முடித்ததும், விரல் முட்டியால் டயரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து, சத்தம் கேட்கிறார். இப்படி நான்கு சக்கரமும் முடிய இருபது நிமிஷம். தட்டும்போது அவருக்கு என்ன கேட்கிறதோ தெரியாது. ஐம்பது வருஷமாக டயரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே கார் டயரைத் தட்டினால் ஒன்றும் கேட்காது. எனக்குக் கேட்காதது இந்த ஊரில் வேறு யாருக்கும் கேட்க வாய்ப்பில்லை.

சனிக்கிழமை தோறும் என் கடை ஷட்டர் பாதி ஏறும்போதே வாசலில் நிற்பார். உத்தியோகம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் போய், கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்து, ‘இதில் ஆள் ஏறலாம்’ என்று கையெழுத்துப் போடுகிறவர். அவர் மட்டும் படியேறித்தான் போவார். எட்டாவது மாடியானாலும் படிதான்.

“என்ன சார், நீங்க கையெழுத்துப் போட்ட லிஃப்டை நீங்களே நம்பலையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நம்பறேன் முதலாளி. நம்பறதாலதானே மத்தவங்களை ஏத்திவிடறேன்?”

கயிற்றுக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார். அதை என்னிடம் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பார். “ஒரு லிஃப்டைத் தூக்க ஒரு கயிறு போதும். ஆனா ஆறு போடறோம். ஏன்? ஒண்ணு போதும்ங்கற தைரியம் யாருக்கும் வந்துடக் கூடாதுன்னுதான்.” அந்தக் கொள்கையைத் தன் உடம்பிலும் பைகளிலும் கடைப்பிடிக்கிறார். மூக்கில் ஒரு கண்ணாடி, பையில் ஒரு கண்ணாடி. கையில் ஒரு கடிகாரம், பையில் ஒரு கடிகாரம். பேனா இரண்டு, கைக்குட்டை இரண்டு, வெயில் கொளுத்தும் நாளிலும் குடை இரண்டு. கல்லாவில் உட்கார்ந்திருக்கிற என் மருமகள்தான் அவருக்கு ‘ரெண்டு சார்’ என்று பெயர் வைத்தாள். அவளே இன்னொன்றும் சொன்னாள். “அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணா இருக்கறது அவர் வீட்டம்மா மட்டும்தான் மாமா. அதுக்கு ஸ்பேர் கிடையாதேன்னுதான் மனுஷன் இப்படிப் பயந்து சாகறார்.”

நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கிற எழுத்துகளைப் படித்துத்தான் எனக்கு எழுத்துக் கூட்டவே வந்தது. ஒரு ஜாக்கி, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கை. அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன், இன்று மூன்று கார்களை ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்துகிற கடைக்கு முதலாளி. படித்தவர்கள் என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு வண்டியின் டயர் தேய்ந்திருக்கிற தினுசைப் பார்த்தே அதை ஓட்டுகிறவன் கோபக்காரனா, கஞ்சனா, மாமியார் வீட்டுக்கு அடிக்கடி போகிறவனா என்று சொல்லிவிடுவேன். நான் தப்பாகக் கணித்தது வாழ்க்கையில் மூன்றே பேரைத்தான். அதில் இரண்டு பேர் என் சம்பந்திகள். மூன்றாவது ரெண்டு சார்.

என்ன தப்பு என்றால், நான் அவரைக் கல்யாணம் ஆகாதவர் என்று நினைத்தேன். அவர் காரைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மஞ்சள் நிறம். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உட்கார்ந்து பார்த்தால் எதிரே வருகிற லாரியின் அச்சுதான் கண்ணுக்குத் தெரியும். காலை லேசாக வைத்தாலே உறுமிக்கொண்டு பாய்கிற ஜாதி. அதை இந்த மனுஷன், தளும்பத் தளும்பத் தண்ணீர் எடுத்துப் போகிறவரைப் போல நாற்பதில் ஓட்டி வருவார். சைக்கிள்காரர்கள் முந்திப் போவார்கள். பக்கத்து சீட்டு எப்போதும் காலி. அதன் மேல் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கியிருக்காது.

கார் ஆசை அவருடையதே இல்லை. அவர் வீட்டம்மாவுடையது. அந்த அம்மாள் இருபத்துநாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்றைக்குக் கணவரிடம் ஒரே ஒரு ஆசை சொன்னாராம். “ஆயுசு பூரா அறுபது பேரை முதுகில சுமந்துக்கிட்டு, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு நின்னு ஓட்டியாச்சு. ஒரு தடவை, ரெண்டே பேரா, நிக்காம கடல் வரைக்கும் போகணுங்க.” சார் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவி தெருவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்த காரை, இரண்டாம் கையாக, எட்டு மாதம் தேடி வாங்கினார். அவர் வாழ்க்கையில் கணக்குப் பார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பரிகாரம்.

கடல் முந்நூறு கிலோமீட்டர். புறப்பட்டார்கள். நாற்பதாவது கிலோமீட்டரில் அந்த அம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டீயரிங்குக்கு இருபத்துநாலு வருஷம் கொடுத்த முதுகு அது. அந்தக் காரில் இருந்தது ரன்-ஃப்ளாட் டயர்.

அதைப் பற்றி நான் சொன்னால் சரியாக இருக்கும். சாதாரண டயரைக் காற்றுதான் தாங்குகிறது. ரன்-ஃப்ளாட் டயரில் ஓரச்சுவரையே தடியாக, முரடாகச் செய்திருப்பார்கள். ஆணி ஏறிக் காற்று முழுக்கப் போனாலும் வண்டி நிற்காது. வேகத்தைக் குறைத்து எண்பது கிலோமீட்டர்வரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த தைரியத்தில் கார் செய்தவன் ஸ்டெப்னியே கொடுப்பதில்லை. வைக்க இடமும் விடுவதில்லை. ரெண்டு சார் காரின் டிக்கியில் இரண்டு ஜோடி செருப்பு வைக்கலாம், அதுவும் அளவு சிறியதாக இருந்தால். இத்தனை நல்ல டயருக்கு ஒரே ஒரு குணக்கேடு. ரோட்டில் ஒரு சுண்டைக்காய் அளவு கல் கிடந்தாலும் அதை நேராக முதுகெலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆக, நடுவழியில் மனைவி நிற்கக் கூடாது என்று சார் பத்திரமாக வைத்திருந்த டயராலேயே, மனைவி நடுவழியில் இறங்கிப் போனார்.

பழைய டயர் தேய்ந்து, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. வீட்டில் தாக்கீது வந்துவிட்டது. சார் அதை வரி மாறாமல் என்னிடம் ஒப்பித்தார்.

“‘இந்தத் தடவையும் அதே கல்லு டயரைப் போட்டீங்கன்னா, நீங்க ஓட்டற வேகத்துக்கு அது தேயறதுக்குள்ள நான் தேஞ்சு போயிடுவேன்’ங்கறா முதலாளி.”

“அப்புறம் என்ன சார்? சாதாரண டயரைப் போட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க.”

“பஞ்சர் ஆனா?”

அந்த ‘பஞ்சர் ஆனா’வில் நாலு மாதம் ஓடியது. ஒரு நோட்டு போட்டார். இடது பக்கத்துக்குத் தலைப்பு ‘பாதுகாப்பு’. வலது பக்கத்துக்குத் தலைப்பு ‘முதுகு’. வாரா வாரம் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போனது. என்னிடம் ஒரு கருத்து வாங்குவார். பிறகு கல்லாவுக்குப் போய், குரலைத் தாழ்த்தி, அதே கேள்வியை என் மருமகளிடம் கேட்பார். மீட்டரைச் சோதிக்கிற மாதிரி எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

“மாமா சொன்னதேதான் சார் நானும் சொல்றேன். என்ன, அவர் தன் கதையையும் சேர்த்துச் சொல்லுவார். நான் சேர்க்க மாட்டேன்,” என்றாள் அவள். போகட்டும், கல்லாவில் உட்கார்ந்தால் வாய் வந்துவிடுகிறது.

நான் அவருக்குச் சாதாரண டயரைத்தான் சொன்னேன். ரன்-ஃப்ளாட் விற்றால் எனக்கு லாபம் அதிகம். காற்றில்லாமல் ஒரு தடவை ஓடிவிட்டால் அதை என் கடையில் ஒட்டித் தர மாட்டோம், புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதிலும் லாபம். அப்படியிருந்தும் சொன்னேன். வேறு எந்தக் கடைக்காரன் சொல்லுவான்?

“அந்தக் கடல் ரோட்டுல நூத்திப் பத்தாவது கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு பதினாலு கிலோமீட்டருக்கு போன் எடுக்காது முதலாளி. விசாரிச்சுட்டேன். அங்க பஞ்சர் ஆச்சுன்னா?”

“சார், ஆணி என்ன போன் எடுக்காத இடமாப் பாத்தா விழுந்து கிடக்கு?”

அவர் சிரிக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ‘பாதுகாப்பு’ப் பக்கத்தில்.

கடைசியில் முதுகு ஜெயித்தது. ஒரு சனிக்கிழமை நாலு சாதாரண டயர்களை மாட்டினோம். ஒவ்வொரு நட்டையும் என் ஆள் முடுக்கிய பிறகு அவரும் ஒரு தடவை முடுக்கிப் பார்த்தார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இறங்காமல் ஜன்னல் வழியே கேட்டார்.

“முதலாளி, ரோடு போட்டுட்டாங்களா?”

அதே குண்டும் குழியுமான ரோடுதான். அவர் முகத்தைப் பார்த்தபோது, மனுஷன் இப்படியே நேராக வீட்டுக்குப் போய் அந்த அம்மாளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தப்புக் கணிப்பு. ஒரே ஆளிடம் இரண்டு தடவை தோற்றது எனக்கு இதுதான் முதல் தரம். இறங்கி வந்தார்.

“அப்போ ஸ்டெப்னி?”

பஞ்சரானால் டயருக்குள் பீய்ச்சுகிற பசை பாட்டிலும், காற்றடிக்கிற குட்டி மோட்டாரும் ஒரு டப்பாவில் வருகிறது. ஸ்டெப்னி இல்லாத வண்டிகளுக்கு அதுதான் வழக்கம். எடுத்துக் காட்டினேன். கையால்கூடத் தொடவில்லை.

“பசையை நம்பி என் பொண்டாட்டியை ரோட்டுல விடச் சொல்றீங்களா? டயர் ஓரமே கிழிஞ்சா இந்தப் பசை என்ன பண்ணும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓரம் கிழிந்தால் பசை ஒன்றும் பண்ணாது. அதை ஒப்புக்கொண்டதுதான் நான் செய்த பிழை. ரிம்மோடு ஐந்தாவதாக ஒரு முழுச் சக்கரம் வேண்டும் என்றார். வரவழைத்துக் கொடுத்தேன். டிக்கியில் வைத்துப் பார்த்தோம், மூடவில்லை. சீட்டுக்குப் பின்னால் செருகிப் பார்த்தோம், நுழையவில்லை. மிச்சம் இருந்த இடம் ஒன்றுதான். பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, அலுங்காமல் குலுங்காமல் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்.

சாவியைப் போட்டதும் கார் டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்கு நினைப்பு. சார் குனிந்து, பெல்ட்டை இழுத்துச் சக்கரத்துக்கு மாட்டி, இரண்டு தடவை சுண்டி இழுத்துப் பார்த்து, விரிப்புக்கு மேலாக விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். கார் அமைதியானது.

“ஒரு ஸ்டெப்னி போதுமா முதலாளி?” என்று தயங்கினார்.

“ரெண்டாவதை வெச்சா நீங்க எங்க சார் உக்காருவீங்க?” என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

“அது இருக்கட்டும், அம்மா எங்க உக்காருவாங்க?” என்று நான் கேட்டேன்.

“இருங்க முதலாளி, சோதனை முடியட்டும். புது லிஃப்ட்ல எடுத்தவுடனே ஆளை ஏத்த மாட்டோம். ஆள் எடைக்கு இரும்புக் கட்டியை ஏத்தி, மேலயும் கீழயும் ஓட்டிப் பாப்போம். அப்புறம்தான் ஆளு.”

ஆறு வாரம் அந்தச் சக்கரம் அவரோடு ஊர் சுற்றியது. வேலைக்குப் போனது, மருந்துக் கடைக்குப் போனது. வீட்டில் நிறுத்தும்போது யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க உள்ளே எடுத்துப் போய்விடுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கடையில் அதற்கும் காற்றுப் பார்த்தார், இரண்டு மீட்டரில். அந்த அம்மாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஒரு நாள் லீவு போட்டு, விடிவதற்குள் கிளம்பி, சக்கரத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, முந்நூறு கிலோமீட்டர் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார்.

“எப்படி சார் இருந்துச்சு?”

“ரோடு பரவாயில்லை. நாலு இடத்துல மட்டும் ஓரமா போகணும். குறிச்சு வெச்சிருக்கேன்.”

“கடலைக் கேட்டேன் சார்.”

“பாத்தேன். பத்து நிமிஷம் நின்னேன். தனியா என்ன பண்றது?”

“பஞ்சர்?”

“ஆகல. அதனால ஒண்ணையும் நிரூபிக்க முடியல முதலாளி. இன்னொரு தடவை போய்ட்டு வரணும்.”

போன சனிக்கிழமை அவர் மூன்றாவது சக்கரத்தில் இருந்தபோது, எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். ஒரு கை இடுப்பில். மற்றொரு கையை உயர்த்தி, வந்துகொண்டிருந்த லாரியை அப்படியே நிற்க வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார். அந்தக் கையைப் பார்த்ததுமே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை மட்டும் நான் சரியாகக் கணித்தேன்.

நேராகக் காருக்குப் போய், ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். விரிப்புப் போர்த்தி, பெல்ட் போட்டு, சக்கரம் உட்கார்ந்திருந்தது.

“கடலுக்குப் போய்ட்டு வந்தது இவங்கதானா?”

சார் முழங்காலை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு யார் சொன்னா?”

“கார் மிதியடியில மணல் கிடக்கு. ஆபீஸ்ல புதுசா மணல் கொட்டியிருக்காங்களாக்கும்?”

“சோதனைக்குத்தான் போனேன். நீ வர்றதுக்கு முன்னாடி...”

“ஏங்க, இருபத்துநாலு வருஷத்துல என் பஸ்ஸு எத்தனை தடவை பஞ்சராச்சு தெரியுமா? பதினொரு தடவை. பதினொரு தடவையும் நான் வீட்டுக்கு வந்தேனா இல்லையா?”

“அப்போ உன்கூட அறுபது பேர் இருந்தாங்க.”

“இப்ப நீங்க இருக்கீங்க. அறுபது பேரும் சேர்ந்து பயந்ததைவிட நீங்க ஒருத்தர் அதிகமா பயப்படறீங்க.”

கல்லாவில் என் மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காரைத் தூக்கி நிறுத்தியிருந்த ஆட்களும் கையை நிறுத்திவிட்டார்கள். நான் யாரையும் அதட்டவில்லை.

“நடு ரோட்டுல நீ இடுப்பைப் பிடிச்சிட்டு நிக்கறதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது,” என்றார் சார். இத்தனை மாதத்தில் நோட்டில் எழுதாத ஒன்றை அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அந்த அம்மாள் ஜன்னல் வழியே சக்கரத்தைக் காட்டினார். பிறகு, பஸ் புறப்படும்போது படியில் நிற்கிறவர்களிடம் சொல்லுகிற குரலில் சொன்னார். “இருக்கறது ஒரு சீட்டு. அது இறங்கினா நான் ஏறுவேன். இல்லைன்னா பின்னாடி அடுத்த பஸ்ஸு வருது.”

பஸ் வந்தது. நின்றது. எங்கள் கடை வாசலில் அது எப்போதும் அரை நிமிஷம்தான் நிற்கும். சார் பஸ்ஸைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. என்ன ஆச்சரியமோ, வாயை மூடிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டதும் அவர் எழுந்து, கார்க் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கிக் கீழே வைத்தார். விரிப்போடு அதை உருட்டிக்கொண்டு வந்து என் கல்லாவில் சாய்த்து வைத்தார்.

“இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க முதலாளி. அந்தப் பசை டப்பா ஒண்ணு குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். பாட்டிலின் மேல் போட்டிருந்த தேதியைப் படித்தார். மற்றக் கண்ணாடியை மாட்டி மறுபடி படித்தார்.

“ரெண்டாக் குடுங்க.”

அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து வெளியே எறிந்தார். நல்ல முதுகுக்காரர்களே அந்தக் காரில் ஏற முனகுவார்கள், அவர் முனகவில்லை. சார் டிக்கியில் இரண்டு டப்பாவையும் அடுக்கி மூடினார். மூடியது. ஓட்டுகிற பக்கம் வந்து உட்கார்ந்து சாவியைப் போட்டார். டிங் டிங் என்று கார் கத்தியது. அந்த அம்மாள் பெல்ட்டைத் தேடிக் கையை நீட்டுவதற்குள், ஆறு வாரப் பழக்கம், சார் குறுக்கே குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டி, இரண்டு தடவை சுண்டிப் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் மனைவியின் தோளில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.